மூன்றாவது எச்சில்

என் மனைவி இறந்து ஐந்து மாதம் ஆன பிறகு அவளுக்கு ஒரு புது உறவினர் கிடைத்தார்.

மின்னஞ்சலில் அப்படித்தான் இருந்தது. "வாழ்த்துகள். உங்களுக்கு மிக நெருங்கிய உறவு ஒன்று கண்டறியப்பட்டுள்ளது." அப்போது நான் அவளுடைய இணையக் கணக்குகளை மூடிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு. நூலகம், செருப்புக் கடை, கண் டாக்டர் முன்பதிவு. எல்லா இடத்திலும் காரணம் கேட்டார்கள். "இனி தேவையில்லை" என்ற பெட்டியில் டிக் அடித்தேன். ஒன்பதாவதாக வந்தது வம்சாவளி டி.என்.ஏ. கம்பெனி. அதை மட்டும் மூடவில்லை.

அந்தக் கம்பெனியின் எச்சில் குழாய் எங்கள் வாழ்க்கைக்குள் வந்தது அவளுடைய பெரியப்பாவால். அவர் ஒரு கல்லூரியில் முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர். குடும்பத்தில் எல்லோருக்கும், அவர் மனைவிக்கும்கூட, அவர் பிரின்சிபால்தான். பிள்ளைகள் இல்லை. அந்த இடத்தில் ஒரு புத்தகம் இருந்தது. ஏழு தலைமுறைக் குடும்ப வரலாறு. அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தவள் என் மனைவி. நான்கு வருடம், சனிக்கிழமை தவறாமல். அவளுக்கு மூன்று வயதாக இருக்கும்போது அப்பா இறந்துவிட்டார். அப்பாவைப் பற்றிக் கேட்க அவளுக்கு இருந்த ஒரே ஆள் பிரின்சிபால். அதனால் போனாள்.

கடைசி அத்தியாயத்துக்கு விஞ்ஞான ஆதாரம் வேண்டும் என்று பிரின்சிபால் இரண்டு குழாய் வரவழைத்தார். ஒன்றில் அவர் துப்பினார். ஒன்றில் இவள் துப்பினாள். ஆறு வாரம் கழித்து முடிவு வந்தது. இருவருக்கும் எந்த உறவும் இல்லை.

பெரியப்பாவுக்கும் தம்பி மகளுக்கும் ஏறக்குறைய கால்பங்கு ஒத்துப்போக வேண்டும். இங்கே பூஜ்யம்.

பிரின்சிபால் ஆட்களைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார். அவருடைய முன்னறையில், பிளாஸ்டிக் உறை போட்ட சோபாக்களில், பதினோரு பேர். என் மாமியாரைக் கூப்பிடவில்லை. தம்பி தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்ட பெண் என்பதால் அவரை எப்போதுமே கூப்பிட்டதில்லை. பிரின்சிபால் அந்த ஒரு தாளை எல்லோருக்கும் காட்டிச் சொன்னார்:

"நான் யாரையும் குத்தம் சொல்லல. இது விஞ்ஞானம். விஞ்ஞானத்துக்குத் தம்பி, தம்பி பொண்டாட்டின்னு பாக்கத் தெரியாது."

பிறகு என் மனைவியைப் பார்த்து, "உன் மேல தப்பில்லம்மா. ஆனா புஸ்தகத்துல பொய் எழுத முடியாதுல்ல. உன் பக்கத்த எடுத்துடு" என்றார்.

அவளே எடுத்தாள். தட்டச்சு செய்தவள் அவள்தானே.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டாள். "இது தப்பா இருக்க வாய்ப்பிருக்கா? நீ அளவு பாக்கறவன்தானே, சொல்லேன்."

நான் கேலிபரேஷன் லேப்பில் வேலை செய்கிறேன். மருந்துக் கம்பெனிகளின் தராசு, வெப்பமானி, அழுத்தமானி எல்லாம் எங்களிடம் வரும். சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துச் சான்றிதழ் கொடுப்போம். எங்கள் லேப்பில் சேரும் எவருக்கும் முதல் நாளே ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். இரண்டு தராசு ஒத்துப்போகவில்லை என்றால், எது தப்பு என்று அந்த இரண்டை வைத்தே சொல்ல முடியாது. மூன்றாவது வேண்டும்.

இதை நான் அவளிடம் சொல்லவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை. எல்லோரையும் போல நானும் பிரின்சிபாலை, மற்றதையெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்கும் மாஸ்டர் எடையாக வைத்துவிட்டேன். "சாம்பிள் சரியா இருந்தா ரிப்போர்ட் சரியாத்தான் இருக்கும்" என்றேன். சாப்பிட்டுக்கொண்டே சொன்னேன்.

மறுநாள் அவள் அம்மாவிடம் போனாள். "என் அப்பா யாரு?" என்று கேட்டாள். மாமியார் ஓர் அறை விட்டார். அவ்வளவுதான் பேச்சு. இருவருக்கும் ஒரே பிடிவாதம். ஒருத்தி பதில் வேண்டும் என்றாள், ஒருத்தி கேள்வியே தப்பு என்றாள். எட்டு மாதம் பேசவில்லை. எட்டாவது மாதம், அலுவலகப் படிக்கட்டில், மூளையில் ஒரு ரத்தக் குழாய் வெடித்து என் மனைவி விழுந்தாள். முப்பத்தொரு வயது. அதற்கு யாரும் காரணமில்லை என்று டாக்டர் சொன்னார். நானும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்த எட்டு மாதத்துக்குக் காரணம் உண்டு. சவ அடக்கத்தன்று மாமியார் வெளியே கேட் பக்கத்தில் நின்றார். உள்ளே வாருங்கள் என்று நான் போய்க் கூப்பிட்டேன். "அவ கூப்பிடலயே மாப்பிள்ளை" என்றார். உள்ளே பிரின்சிபால் முதல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அந்த மின்னஞ்சல் வந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். புது உறவினர் யார் என்று திறந்து பார்த்தேன். என் மாமனாரின் தங்கை. பிரின்சிபாலுக்கும் தங்கைதான். நாங்கள் சின்னத்தை என்று சொல்வோம். வெளிநாட்டில் இருக்கிறார். என் மனைவியோடு இருபத்துநான்கு விழுக்காடு ஒத்துப்போகிறார். அத்தை, பாட்டி அல்லது அப்பாவோ அம்மாவோ ஒருவர் மட்டும் பொதுவான சகோதரி என்று கம்பெனி மூன்று யூகம் போட்டிருந்தது. எண் மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும். எந்த உறவு என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். நான் சொல்வேன். அத்தை.

ஆக அவள் அவளுடைய அப்பாவின் மகள்தான்.

பிரின்சிபாலின் கணக்கையும் அவள்தான் திறந்து கொடுத்திருந்தாள். கடவுச்சொல் அவளுடைய குறிப்பேட்டில் இருந்தது. அந்தக் கூட்டத்துக்குப் பிறகு இருவருமே அதைத் திறக்கவில்லை. நான் திறந்தேன். பிரின்சிபாலுக்கும் அவருடைய சொந்தத் தங்கைக்கும் உறவு இல்லை. பூஜ்யம்.

மூன்றாவது தராசு வந்துவிட்டது. தப்புத் தராசு பிரின்சிபால்.

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். ஐந்து மாதத்தில் முதல் தடவை.

சின்னத்தைக்கு ஃபோன் செய்தேன். மகள் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்த குழாயாம், விளையாட்டுக்குத் துப்பினாராம். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப அண்ணி மேல பழி போட்டது..."

"ஆமா."

"நான்கூட நம்பினேன்ப்பா. அண்ணன் சொன்னா வேற என்ன பண்ணுவோம்." பிறகு மெதுவாக, "அப்ப அண்ணன் யாரு?" என்றார்.

"உங்க முடிவ நான் எல்லார்கிட்டயும் காட்டலாமா?"

"காட்டிக்கோ. எப்ப காட்டுவேன்னு முன்னாடியே சொல்லிடு. ஃபோன அணைச்சு வச்சுடறேன்."

எப்போது காட்டுவது என்று யோசிக்கத் தேவையிருக்கவில்லை. மூன்று வாரத்தில் புத்தக வெளியீடு. மேஜை மேல் அழைப்பிதழ் கிடந்தது. என் பெயர் மட்டும் எழுதியிருந்தது, "குடும்பத்துடன்" என்பதை அடித்திருந்தது. மிகக் கவனமான மனிதர்.

ஆனால் வேலையில் ஒரு பழக்கம். சான்றிதழில் கையெழுத்துப் போடுமுன் மறுபடி ஒரு முறை பார்ப்பேன். பிரின்சிபாலின் பட்டியலில் மேலே இருந்த பெயரைப் பார்த்தேன். ஒரு பெண், புதிதாகச் சேர்ந்தவள், இருபத்தாறு விழுக்காடு. தெரிந்த பெயர். பிரின்சிபாலின் மனைவியான பெரியம்மாவின் அக்கா மகள். எங்கள் கல்யாணத்துக்கு வந்து ஐஸ்கிரீம் சரியில்லை என்று சொன்னவள். பெண்டாட்டியின் அக்கா மகளோடு ஒருவருக்கு எப்படிக் கால்பங்கு ரத்தம் ஒத்துப்போகும்?

பெரியம்மாவைத் தவிர, அவளுக்கு அப்படி ஒத்துப்போகக்கூடிய ஆள் ஒருவர்தான் அந்த வீட்டில் இருக்கிறார். ஸ்டெப்னி மாமா.

ஸ்டெப்னி மாமா பெரியம்மாவின் தம்பி. இருபது வருடமாக அக்கா வீட்டு மாடி அறையில் இருக்கிறார். டிரைவர் வராத நாள் டிரைவர், சமையல்காரி வராத நாள் சமையல். அந்தப் பெயரை வைத்ததும் பிரின்சிபால்தான். மாமாவைப் பேருந்து நிலையத்துக்கு எதிரில் இருக்கும் பேக்கரிக்கு வரச் சொன்னேன். தட்டில் இரண்டு பிஸ்கட் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"என்ன மாப்ள, அதிசயமா இருக்கு. என்னையெல்லாம் யாரும் தனியா கூப்பிட மாட்டாங்களே."

"மாமா, பெரியவர் துப்பின குழாய யாரு மூடினது?"

பிஸ்கட் டீயிலேயே நின்றது. பாதி உடைந்து உள்ளே விழுந்தது. அவர் அதையே பார்த்தார்.

"எப்படித் தெரிஞ்சுது?"

"சொல்லுங்க."

"அத்தானுக்குப் பிரஷர் மாத்திர. வாயி காஞ்சு போயிருக்கும். முக்கால் மணி நேரம் உக்காந்து துப்பினார்ப்பா, கோடு வரைக்கும் வரணுமேன்னு. நானும் அக்காவும் எதிர்ல நிக்கணும். எலுமிச்சம்பழத்தக் காட்டுடான்னார், காட்டினேன். முடிச்சுட்டு மூடி வைடான்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டார். நான் மேஜையத் தொடச்சேன். முழங்கை பட்டுச்சு. பேப்பர் மேல கொட்டிருச்சு."

"சொல்லியிருக்கலாமே."

"யார்கிட்ட?" நிஜமாகவே கேட்டார். "முக்கால் மணி நேரம் மாப்ள. திரும்பத் துப்புங்க அத்தான்னு நான் போய் நிக்கணுமா? கொரியர்க்காரன் வாசல்ல நிக்கறான். பாத்ரூம்ல போய்க் குழாயக் கழுவிட்டு நானே துப்பினேன். எச்சில்தானே. எல்லா எச்சிலும் ஒண்ணுதானேன்னு நெனச்சேன்."

"பிறகு கூட்டம் போட்டாரே. அப்ப?"

அவர் டீயைத் தள்ளி வைத்தார். "அப்பதான் புரிஞ்சுது. உன் வீட்டுக்காரி தலையக் குனிஞ்சு உக்காந்திருந்தா. சொல்லிடலாம்னு ரெண்டு தடவ வாயத் தெறந்தேன். அத்தான் என்னைப் பாத்து, 'தண்ணி கொண்டா'ன்னார். போயிட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் போய்ச் சொல்லிடறேன் மாப்ள. இன்னிக்கே சொல்லிடறேன்."

அப்போதுதான் எனக்குள் ஏதோ ஒன்று நகர்ந்தது. ஐந்து மாதமாக மரத்துக் கிடந்தது. அது துக்கம் இல்லை.

"சொல்ல வேண்டாம்" என்றேன்.

"என்னது?"

"ஒரு வருஷத்துக்கு மேல சொல்லலதானே. இன்னும் கொஞ்ச நாள் சொல்லாதீங்க."

என்னைப் பார்த்தார். புரிந்துகொள்ள நேரம் எடுத்தது. புரிந்ததும் பயந்தார். பயந்தவர் சொல்பேச்சுக் கேட்பார். அது நான் பிரின்சிபாலிடம் கற்றது.

வெளியீட்டுக்கு மாமியாரைக் கூட்டிப் போனேன். அவர் ஒரு ஆஸ்பத்திரியில் துணிக்கிடங்குக்குப் பொறுப்பு. படுக்கை விரிப்பு எத்தனை போனது, எத்தனை வந்தது என்று பார்ப்பவர். "அங்க எனக்கென்ன வேல மாப்பிள்ளை?" என்றார். "சும்மா உக்காருங்க அத்தை. நான் பாத்துக்கறேன்" என்றேன். சலவை மடிப்புக் கலையாத சாம்பல் நிறப் புடவையில் வந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். எங்களுக்கு முன் வரிசை தானாகவே காலியானது.

நாற்பது பேர் இருப்பார்கள். பிரின்சிபால் முக்கால் மணி நேரம் பேசினார். கடைசி அத்தியாயம் வந்தது. "ரத்தம் பொய் சொல்லாது" என்றார். தட்டச்சு செய்தவளின் பெயரைச் சொல்லவில்லை. யாராவது பேச விரும்பினால் பேசலாம் என்றார். நான் எழுந்தேன்.

ஒரே ஒரு தாள்தான். எங்கள் லேப் படிவத்தில் அச்சிட்டிருந்தேன். கருவி ஒன்று, கருவி இரண்டு, கருவி மூன்று. நாற்பது பிரதி. வரிசை வரிசையாகக் கொடுத்துக்கொண்டே முன்னால் போனேன்.

"ரெண்டு தராசு ஒத்துப்போகலன்னா மூணாவத வச்சுப் பாக்கணும். அதுதான் முறை. மூணாவது சாரோட தங்கச்சி. அவங்களும் டெஸ்ட் பண்ணிருக்காங்க. என் மனைவியோட இருபத்துநாலு விழுக்காடு ஒத்துப்போகுது. அதாவது என் மனைவி இந்தக் குடும்பத்துப் பொண்ணுதான். அவங்க அம்மா மேல சொன்னது பொய்." பிரின்சிபால் பக்கம் திரும்பினேன். "தங்கச்சி முடிவு சாரோட ஒத்துப்போகல. பூஜ்யம். இதுக்கு நான் எதுவும் சொல்ல மாட்டேன். சாரே சொல்லிட்டாரு, ரத்தம் பொய் சொல்லாதுன்னு."

தாளில் இருந்த ஒவ்வொரு எண்ணும் உண்மை. நான் பேசிய ஒவ்வொரு சொல்லும் உண்மை. மொத்தமாகச் சேர்ந்து ஒரு பொய். இவ்வளவு சுத்தமான வேலை என் கையில் இருந்து அதுவரை வந்ததில்லை.

எல்லோரும் தாளைப் பார்த்தார்கள். மூன்றாவது வரிசையில் ஒரு சித்தப்பா மட்டும் பக்கத்து ஆளிடம் கேட்டார், "ஏம்ப்பா, அட்டை போட்டாச்சே. உள்ள ஒரு பக்கம்தான எடுத்தாங்க. இப்ப ஆசிரியரையே எடுக்கணுமே, எப்படி எடுப்பாங்க?"

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு அடங்கவில்லை, பரவியது. பிரின்சிபால் மைக்கைப் பிடித்தபடி நின்றார். வாய் திறந்திருந்தது. காய்ந்திருந்தது, நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. தண்ணீர் கேட்டுக் கை நீட்டினார். ஸ்டெப்னி மாமா எழுந்திருக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது பேருந்தில் மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குழாய், முழங்கை, பாத்ரூம். அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

"அப்ப அவர் இந்த வீட்டுப் பிள்ளதான்."

"ஆமா அத்தை."

"அவருக்குத் தெரியாது."

"தெரியாது."

"அந்தத் தம்பி சொல்லிட மாட்டாரே?"

"மாட்டார்."

"சரி" என்றார். பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து, நான்காக மடித்து, மறுபடி உள்ளே வைத்தார்.

இன்னொரு குழாய் வாங்கித் துப்பினால் ஆறு வாரத்தில் பிரின்சிபாலுக்கு எல்லாம் தெரிந்துவிடும். துப்ப மாட்டார் என்று எனக்குத் தெரியும். மறுபடியும் பூஜ்யம் வந்தால் என்ன செய்வது? சந்தேகத்தில் இருக்கும்வரை தப்பிக்க அதில் ஓர் ஓட்டையாவது இருக்கிறது. என் மனைவியும் அதனால்தான் மறுபடி துப்பவில்லை. நான் வாங்கித் தருகிறேன் என்றபோது வேண்டாம் என்றாள்.

பதினெட்டாவது நாள் பிரின்சிபால் லேப்புக்கு வந்தார். வரவேற்பறையில், சரிபார்த்து அனுப்ப வேண்டிய தராசுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்திருக்கவில்லை. வழக்கமாகக் கையில் இருக்கும் ஃபைல் இல்லை.

"உக்காருப்பா" என்றார், அது என் இடம் என்பதை மறந்து.

நான் நின்றேன்.

"எங்கம்மா அப்படிப்பட்டவ இல்ல."

"என் மாமியாரும்தான் சார்."

அதுவரை நேருக்கு நேர் அவரைப் பெரிய மாமா என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அவர் கவனித்தார்.

"அப்பா படத்துக்கு முன்னாடி நிக்கறேன். மூக்கு அதே மூக்குதான். காது அதே காது. பின்ன எப்படி?" கையை விரித்தார். "தூங்கி எத்தன நாளாச்சு தெரியுமா. யார்கிட்ட கேப்பேன்? அம்மாவும் இல்ல, அப்பாவும் இல்ல. நீ சொல்லு. என்ன பண்ணணும்னு சொல்லு, பண்றேன்."

எதிர்பார்த்த இனிப்பு வரவில்லை. ஆனால் கசக்கவும் இல்லை. ஒரு தராசில் முள் நிற்பதைப் பார்ப்பது போல அவரைப் பார்த்தேன்.

"அவங்க வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேளுங்க. பிறகு பேசலாம்."

சனிக்கிழமை காலை வந்தார். மாமியார் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அந்தப் படிகளில் அவர் ஏறியது அதுவே முதல் தடவை. மூச்சு வாங்கியது. மாமியார் நாற்காலி போட்டார். தண்ணீர் வைத்தார். என்னைச் சமையலறைக் கதவருகில் நிற்கச் சொன்னார்.

"தப்புப் பண்ணிட்டேம்மா" என்றார் பிரின்சிபால். தலை குனிந்திருந்தது. "நாலு பேர் முன்னாடி சொன்னேன். நாலு பேர் முன்னாடியே மன்னிப்புக் கேக்கறேன். புஸ்தகத்த நிறுத்திட்டேன். புதுசா அடிக்கும்போது உன் பேரு, உன் பொண்ணு பேரு முதல் பக்கத்துல..."

"அவ இருக்கும்போது கேட்டிருக்கலாம்."

"ஆமாம்மா."

"அவ என்கிட்ட கேட்டா. பதில் சொல்லாம அடிச்சேன். அடிச்சிருக்க வேணாம். உக்கார வச்சுச் சொல்லியிருக்கணும். அது என் கணக்கு. அத உங்க தலையில போடல." குரல் உயரவே இல்லை. ஆஸ்பத்திரியில் விரிப்பு குறைந்தால் இப்படித்தான் பேசுவாராம், என் மனைவி சொல்லியிருக்கிறாள். "உங்க அம்மாவ நான் ஆறு வருஷம் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன். நீங்க யாரும் என்கிட்ட பேசாதப்ப அவங்க மட்டும்தான் பேசினாங்க. அவங்க சுத்தமானவங்க. நீங்க உங்க அப்பாவுக்குப் பொறந்தவர்தான். அது எனக்குத் தெரியும்."

பிரின்சிபால் நிமிர்ந்தார். முகத்தில் ஏதோ வெளிச்சம் போல வந்தது. "எப்படித் தெரியும்?"

"தெரியும். அவங்களத் தெரியும்."

"இல்லம்மா, ஆதாரம் ஏதாவது..."

மாமியார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். ஒரு வாக்கியம் போதும். ஸ்டெப்னி மாமாவின் முழங்கை. மாமியார் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொன்னால் தடுத்திருக்க மாட்டேன்.

"என் வார்த்தைதான்" என்றார் மாமியார். "போதும்னா எடுத்துக்கோங்க."

பிரின்சிபால் எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ளப் பார்த்தார், அது தெரிந்தது. உதடுகள் அசைந்தன. பிறகு அந்த வெளிச்சம் போய்விட்டது. நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து, ஒவ்வொரு படியாக இறங்கினார். மூன்று மாடிக்கும் அவர் செருப்புச் சத்தம் கேட்டது.

மாமியார் தண்ணீர் டம்ளரை எடுத்தார். பிரின்சிபால் அதைக் குடித்திருக்கவில்லை.

"எப்ப சொல்லணும்னு நான் சொல்றேன் மாப்பிள்ளை. அது வரைக்கும் நீங்க சொல்லாதீங்க."

"சரி அத்தை."

அது போன வருடம். மாமியார் இன்னும் சொல்லவில்லை.